வான் ஆலன் இரட்டைக்கோள்களில் துகள் உணரிகள்: எது எங்கே, ஏன் அங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமியைச் சுற்றி இரண்டு கதிர்வீச்சு வளையங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உள்ளேயே புகுந்து திரிந்து அளக்க, நாசா 2012 ஆகஸ்ட் 30 அன்று ஒரே அட்லஸ்-5 ராக்கெட்டில் இரண்டு செயற்கைக்கோள்களை ஏவியது. அந்த ஆண்டு நவம்பரில் அவற்றுக்கு வான் ஆலன் புரோப்ஸ் என்று பெயர் சூட்டப்பட்டது. துகள் உணரிகளை ஒரு கோளில் எப்படிப் பொருத்துவது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். வரக்கூடிய தொல்லைகள் அத்தனையும் இந்த ஒரே இடத்தில் வந்தன.

துகளின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் அளப்பார்கள். கீழே கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை (ஆயிரம்) கேஇவி என்றும், மெகா எலக்ட்ரான் வோல்ட்டை (பத்து லட்சம்) எம்இவி என்றும், செயற்கைக்கோளைக் கோள் என்றும் சுருக்கி எழுதுகிறோம்.

கோளின் வடிவமும் பாதையும் என்ன?

எண்கோண வடிவப் பெட்டி. குறுக்கே சுமார் 1.8 மீட்டர், உயரம் சுமார் 0.9 மீட்டர், எடை ஏறத்தாழ 650 கிலோ. சூரியனைப் பார்க்கும் முகத்திலிருந்து நான்கு சூரியத் தகடுகள் விரியும். பாதை நீள்வட்டம்: பூமிக்கு மிக அருகே சுமார் 600 கி.மீ., மிகத் தொலைவில் 30,000 கி.மீ.க்குச் சற்று மேல். நிலநடுக்கோட்டுக்குப் பத்து டிகிரி சாய்வு. ஒரு சுற்றுக்கு 9 மணி நேரம். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் உள்வளையம், இடைவெளி, வெளிவளையம் மூன்றையும் இருமுறை கடக்கும்.

ஒரே கருவியால் எல்லாத் துகள்களையும் அளக்க முடியாதா?

முடியாது. இங்கே அளக்க வேண்டிய ஆற்றல் வீச்சு ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் தொடங்கி 2 பில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வரை போகிறது. கீழ்க்கோடியில் இருக்கும் அயனி, தாளைவிடப் பல மடங்கு மெல்லிய படலத்தில்கூட நின்றுவிடும். மேல்கோடியில் இருக்கும் புரோட்டான் கோளின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். முன்னதை மின்புலத்தால் வளைக்கலாம், நடுவில் இருப்பதைக் காந்தப்புலத்தால் வளைக்கலாம், அதற்கு மேலே போனால் சிலிக்கான் அடுக்குகளில் ஓடவிட்டு எவ்வளவு ஆற்றலை இழக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான். ஆகவே வேலை இப்படிப் பங்கிடப்பட்டது:

- ஹோப்: எலக்ட்ரான், புரோட்டான், ஹீலியம், ஆக்சிஜன் அயனிகள். சுமார் 50 கேஇவி வரை.
- மேக்ஐஸ்: எலக்ட்ரான்களுக்கான நான்கு காந்த நிறமாலைமானிகள். ஏறத்தாழ 20 கேஇவி முதல் 4.8 எம்இவி வரை.
- ரெப்ட்: 1.6 எம்இவிக்கு மேற்பட்ட எலக்ட்ரான்கள், 17 எம்இவிக்கு மேற்பட்ட புரோட்டான்கள்.
- ஆர்பிஸ்பைஸ்: பூமியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டத்தைச் சுமக்கும் அயனிகள். சுமார் 20 கேஇவி முதல் 1 எம்இவி வரை.
- ஆர்பிஎஸ்: 50 எம்இவி முதல் 2,000 எம்இவி வரையிலான புரோட்டான்கள்.

இவற்றோடு காந்தப்புலத்தை அளக்கும் எம்ஃபிசிஸ், மின்புலத்தை அளக்கும் ஈஎஃப்டபிள்யூ என்று இரண்டு கருவித் தொகுதிகள் உண்டு. அவை துகள்களை எண்ணுவதில்லை. ஆனால் காந்தப்புலத்தின் திசை தெரியாமல் துகள் தரவுக்குப் பாதி அர்த்தம்கூட இல்லை.

பட்டியலைக் கவனித்தால் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது தெரியும். அது வீண்செலவு அல்ல. ரெப்டும் மேக்ஐஸும் 2 எம்இவியில் ஒரே எண்ணைச் சொல்லவில்லை என்றால், இரண்டில் ஒன்று தவறு என்று உடனே பிடிபடும். எல்லைகள் இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறாத கருவித் தொகுதியில் இந்தத் தவறு ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

கோள் ஏன் சுழல்கிறது?

கருவியைத் திருப்புவதைவிடக் கோளையே திருப்புவது மலிவு. இவை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்தரைச் சுற்று சுழன்றன, அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 11 விநாடி.

வளையத்தில் சிக்கிய துகள் காந்தப்புலக் கோட்டைச் சுற்றிச் சுருள்வில் போல ஓடுகிறது. அதன் ஓட்டத்துக்கும் புலக்கோட்டுக்கும் இடையிலான கோணத்தைப் புரிக்கோணம் என்கிறோம். எத்தனை துகள் என்பதோடு, எந்தப் புரிக்கோணத்தில் எத்தனை என்பதும் தெரிந்தால்தான் அவை எங்கே போய்த் திரும்பும், எவை காற்றுமண்டலத்தில் விழும் என்று கணக்கிட முடியும்.

சுழல் அச்சு ஏறத்தாழச் சூரியனை நோக்கி இருக்கும். நடுக்கோட்டுக்கு அருகே காந்தப்புலம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு. அப்படியானால் அச்சும் புலமும் கிட்டத்தட்டச் செங்குத்து. இப்போது அச்சுக்கு 90 டிகிரியில் பார்க்கும் ஓர் உணரி, ஒரே சுழற்சியில் 0 முதல் 180 வரை எல்லாப் புரிக்கோணத்தையும் இருமுறை துழாவிவிடும். ரெப்ட் இப்படித்தான் பொருத்தப்பட்டது. ஒரு சுழற்சியை 36 பகுதியாக வெட்டினால் ஒரு பகுதிக்கு 10 டிகிரி, நேரம் 0.3 விநாடி.

இன்னொரு லாபம்: அச்சு சூரியனை நோக்கி இருப்பதால் சூரியத் தகடுகளுக்கு எப்போதும் வெளிச்சம், பக்கவாட்டுக் கருவிகளுக்கு நேர்வெயில் இல்லை. பூமி சூரியனைச் சுற்றுவதால் நாளுக்கு ஒரு டிகிரி வீதம் சூரியன் நகரும். ஆகவே சில வாரங்களுக்கு ஒருமுறை உந்திகளை இயக்கி அச்சைத் திருத்த வேண்டும். இந்தச் சின்ன வேலைதான் கடைசியில் இக்கோள்களின் ஆயுளைத் தீர்மானித்தது.

மேக்ஐஸில் நான்கு பெட்டிகள் எதற்கு?

காந்தப்புலத்தில் நுழையும் எலக்ட்ரான் அரைவட்டம் போட்டுத் திரும்பும். ஆற்றல் கூடினால் வட்டம் பெரிதாகும். அரைவட்டம் முடியும் இடத்தில் சிலிக்கான் உணரிகளை வரிசையாக வைத்தால், எந்த உணரியில் விழுந்தது என்பதே ஆற்றலைச் சொல்லிவிடும். 1,600 காஸ் (காந்தப்புல வலிமையின் அலகு) புலத்தில் 100 கேஇவி எலக்ட்ரானின் ஆரம் 0.7 செ.மீ., 500 கேஇவிக்கு 1.8 செ.மீ., 1 எம்இவிக்கு 3 செ.மீ. ஒரே அறைக்குள் 20 கேஇவியையும் 4 எம்இவியையும் அடக்க வேண்டுமென்றால் ஒன்று மில்லிமீட்டர் கணக்கில் நெருக்கியடிக்கும், மற்றொன்று சுவரில் மோதும். எனவே குறைந்த புலத்தில் ஒன்று, நடுத்தரத்தில் இரண்டு, உயர்ந்ததில் ஒன்று. புலங்கள் முறையே ஏறத்தாழ 550, 1,600, 4,800 காஸ்.

நடுத்தரப் பெட்டி மட்டும் இரண்டு. அவற்றில் ஒன்று ஏன் 35 டிகிரியில் சாய்ந்திருக்கிறது?

மற்ற மூன்றும் சுழல் அச்சுக்கு 75 டிகிரியில் பார்க்கின்றன. அச்சும் புலமும் செங்குத்தாக இருக்கும்போது 75 டிகிரிப் பெட்டி 15 முதல் 165 வரையிலான புரிக்கோணங்களைப் பார்க்கும். 35 டிகிரிப் பெட்டிக்கு 55 முதல் 125 வரைதான். இந்த நிலையில் அது தண்டம் போலத் தோன்றும்.

ஆனால் காந்தப்புலம் எப்போதும் நமக்குச் சாதகமாக நிற்பதில்லை. காந்தப் புயல் காலத்தில், அதாவது சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கும்போது, இரவுப் பக்கத்தில் புலம் இழுபட்டு அச்சை நோக்கிச் சாயும். புலத்துக்கும் அச்சுக்கும் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 75 டிகிரிப் பெட்டிக்கு 30 முதல் 120 வரை மட்டுமே கிடைக்கும். 35 டிகிரிப் பெட்டியோ 10 முதல் 80 வரை பார்க்கும். புலக்கோட்டை ஒட்டி ஓடும் துகள்களை அந்த நேரத்தில் பிடிப்பது அதுதான். அதிகம் தேவைப்படும் நேரத்தில் கண்மூடாமல் இருக்க ஒரு மாற்றுக் கண் என்று கொள்ளலாம்.

கோளுக்குள் இத்தனை வலுவான காந்தங்களை வைத்துக்கொண்டு விண்வெளிக் காந்தப்புலத்தை எப்படி அளக்கிறார்கள்?

தொலைவால். காந்தத்தின் வீச்சு தூரத்தின் மும்மடிக்கு எதிராகக் குறையும்: இரண்டு மடங்கு தள்ளிப் போனால் எட்டில் ஒன்று. எம்ஃபிசிஸின் புல அளவி ஒரு சூரியத் தகட்டின் நுனியிலிருந்து நீளும் 3 மீட்டர்க் கையின் முனையில் இருக்கிறது. அலைகளைப் பிடிக்கும் தேடுசுருள் எதிர்த் தகட்டின் கையில். இரண்டையும் ஒரே கையில் வைத்தால் ஒன்றின் சத்தம் மற்றொன்றில் கேட்கும்.

அதற்கும் முன்னால் காந்தத்தையே இரும்புச் சட்டத்தில் அடைத்துக் கசிவைக் குறைப்பார்கள். சூரியத் தகடுகளின் மின்கம்பிகளைப் போகும் வழியும் வரும் வழியும் அருகருகே இருக்கும்படி ஓட்டி, ஒன்றின் புலத்தை மற்றொன்றால் அழிப்பார்கள். நிலையான கசிவு பெரிய பிரச்சினை இல்லை, கழித்துவிடலாம். மின்சுமை மாறும்போது மாறும் கசிவுதான் உயிரை எடுக்கும்.

இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 இதை இன்னொரு விதமாகக் கையாள்கிறது: 6 மீட்டர்க் கையில் 3 மீட்டரில் ஓர் அளவி, முனையில் இன்னோர் அளவி. கோளிலிருந்து வரும் கசிவு இரண்டிலும் வேறுவேறு அளவில் தெரியும், வெளியிலிருந்து வருவது இரண்டிலும் ஒரே அளவில் தெரியும். பிரித்துவிடலாம்.

ரெப்டின் உள்ளே என்ன இருக்கிறது?

வாசலிலிருந்து உள்நோக்கிச் சொல்கிறோம். முதலில் டாண்டலம் வளையங்கள் அடுக்கிய நெடுங்குழாய். வளையங்களின் உள்விளிம்பு கத்திமுனை போலச் சீவப்பட்டிருக்கும். விளிம்பு தடிமனாக இருந்தால் அதில் பட்டுச் சிதறும் எலக்ட்ரான்கள் நல்ல பிள்ளைகள் போல உள்ளே நுழைந்துவிடும். பார்வைக் கூம்பு 32 டிகிரி.

அடுத்து 2 மி.மீ. பெரிலியத் தகடு. ஏறத்தாழ 1 எம்இவிக்குக் கீழுள்ள எலக்ட்ரான்களையும் 15 எம்இவிக்குக் கீழுள்ள புரோட்டான்களையும் இது வாசலிலேயே நிறுத்தும். எண்ணிக்கையில் அவைதான் மிக அதிகம், உள்ளே விட்டால் கருவி திணறிப்போகும்.

அதன் பின்னால் ஒன்பது சிலிக்கான் வில்லைகள் வரிசையாக. முன்னால் உள்ள இரண்டு 20 மி.மீ. விட்டம், பின்னால் உள்ள ஏழு 40 மி.மீ. பின்வில்லைகள் ஏன் அகலம்? சிலிக்கானில் எலக்ட்ரான் நேர்கோட்டில் ஓடாது, தள்ளாடிக்கொண்டு போகும். வில்லை சிறிதாக இருந்தால் ஓரத்தால் நழுவிவிடும், அதன் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம்.

எல்லாவற்றையும் சுற்றி உள்ளே டங்ஸ்டன்-செம்புக் கலவை, வெளியே அலுமினியம். கருவி சுமார் 13 கிலோ எடை என்றால் அதில் பெரும்பங்கு இந்தக் கவசம்தான்.

வந்தது எலக்ட்ரானா, புரோட்டானா என்று எப்படித் தெரியும்?

விட்டுச்செல்லும் ஆற்றலால். வேகமான எலக்ட்ரான் ஒன்றரை மி.மீ. சிலிக்கானைக் கடக்கையில் சராசரியாக அரை எம்இவி சொச்சம்தான் விட்டுச்செல்லும். 17 எம்இவி புரோட்டான் அதே தடிமனில் பல எம்இவியைக் கொட்டிவிடும். ஆகவே முதல் சில வில்லைகளில் துடிப்பு எவ்வளவு பெரிது, துகள் எத்தனையாவது வில்லைவரை போனது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இனமும் ஆற்றலும் தெரியும்.

நடைமுறையில் விதி இப்படி இருக்கும்: முன்வில்லை, அடுத்தடுத்த வில்லைகள் ஆகியவற்றில் ஒரே நொடித்துளியில் துடிப்பு வர வேண்டும், கடைசி வில்லையில் வரக்கூடாது. முன்வில்லையில் துடிப்பில்லாமல் நடுவில் மட்டும் வந்தால் அது பக்கச்சுவரைத் துளைத்து வந்த திருட்டுத் துகள், எண்ணாதே. இந்த ‘எண்ணாதே’ விதிகளைச் சரியாக எழுதுவதில்தான் கருவி செய்பவரின் திறமை தெரியும்.

கவசத்தை இன்னும் தடிமனாக்கினால் திருட்டுத் துகளே வராதே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 எம்இவி எலக்ட்ரானை நிறுத்த 2 மி.மீ. அலுமினியம் போதும். 5 எம்இவிக்கு 11 மி.மீ. வேண்டும். 100 எம்இவி புரோட்டானுக்கு 37 மி.மீ. அதையும் தாண்டிய புரோட்டான்கள் உள்வளையத்தில் தாராளம். கருவியைச் சுற்றி அத்தனை உலோகம் வைத்தால் ராக்கெட்டில் வேறெதற்கும் இடமிருக்காது. இந்தக் கோள்களில் மின்னணுப் பெட்டிகளுக்குச் சுமார் 9 மி.மீ. அலுமினியத்துக்கு ஈடான சுவர் வைத்தார்கள், அதுவே மற்றக் கோள்களோடு ஒப்பிட்டால் பூட்டுப் பெட்டி மாதிரி.

ஈயம் போன்ற கனமான உலோகத்தை வெளியே வைத்தால் தடிமன் குறையுமே?

தடிமன் குறையும், தொல்லை கூடும். வேகமான எலக்ட்ரான் கனமான அணுவில் மோதித் திடீரென்று வேகம் குறையும்போது எக்ஸ் கதிரைக் கக்கும். எக்ஸ் கதிர் கவசத்தைத் தாண்டி உள்ளே வந்து சிலிக்கானில் பொய்த் துடிப்பு உண்டாக்கும். அதனால்தான் வெளியே லேசான அலுமினியம், உள்ளே கனமான டங்ஸ்டன்: எலக்ட்ரான்கள் அலுமினியத்தில் மெதுவாக நிற்கட்டும், அங்கே பிறக்கும் கொஞ்சம் எக்ஸ் கதிரை டங்ஸ்டன் விழுங்கட்டும். வரிசையை மாற்றினால் பலனும் தலைகீழ்.

ஹோப் எப்படி ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் பிரிக்கிறது?

முதலில் இரண்டு வளைந்த தகடுகளுக்கு இடையே மின்னழுத்தம் கொடுத்து, குறிப்பிட்ட ஆற்றல் கொண்டவை மட்டும் வளைந்து உள்ளே வரச் செய்கிறார்கள். பிறகு அவை மிக மெல்லிய கார்பன் படலத்தைத் துளைக்கும். துளைக்கும்போது தெறிக்கும் எலக்ட்ரான்கள் கடிகாரத்தைத் தொடக்கும், மறுமுனையில் மோதும்போது கடிகாரம் நிற்கும். ஒரே ஆற்றலில் கனமானது மெதுவாக ஓடும் என்பதால் நேரமே எடையைச் சொல்லும். 10 கேஇவி ஆற்றலில் 3 செ.மீ. ஓட புரோட்டானுக்கு 22 நானோவிநாடி, ஒற்றை மின்னேற்றம் கொண்ட ஹீலியத்துக்கு 43, ஆக்சிஜனுக்கு 87.

தொடக்கம், முடிவு என்று இரண்டு சமிக்ஞை வேண்டும் என்பதே பெரிய பாதுகாப்பு. சுவரைத் துளைத்து வரும் துகள் ஏதாவது ஒன்றைத்தான் தட்டிவிடும், பெரும்பாலும் இரண்டையும் சரியான இடைவெளியில் தட்டாது.

ஹோப்புக்கு ஐந்து கண்கள்: ஒன்று நேராக, மற்றவை இருபுறமும் 36, 72 டிகிரியில். கோள் ஒரு சுற்று சுழன்றால் ஏறத்தாழ முழு வானமும் கிடைக்கும். ஒரு சுழற்சியில் அயனி, அடுத்ததில் எலக்ட்ரான் என்று மாறி மாறி அளக்கும்.

கோளே மின்னேற்றம் பெற்றால் அளவு கெடாதா?

கெடும். வெயிலில் கோளின் பரப்பு சில வோல்ட் நேர்மின் நிலையில் நிற்கும். அப்போது சில எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள அயனிகள் அருகேயே வராது. பூமியின் நிழலுக்குள் போனால் தலைகீழாக எதிர்மின் நிலைக்குப் போகும், சில நேரம் நூற்றுக்கணக்கான வோல்ட். குளிர்ந்த அயனிகள் எல்லாம் அந்த மின்னழுத்தத்தால் இழுக்கப்பட்டு, ஒரே ஆற்றலில் வந்தவை போல ஒரு பளிச்சென்ற கோடாகத் தரவில் தெரியும். புதிதாகத் தரவைப் பார்ப்பவர்கள் இதை இயற்கை நிகழ்வு என்று எடுத்துக்கொள்வது வழக்கமான பிழை. அந்தக் கோட்டின் ஆற்றலை வைத்துக் கோளின் மின்னழுத்தத்தையே கண்டுபிடிக்கலாம் என்பது ஆறுதல்.

பரப்பின் ஓரிடம் ஓர் அழுத்தம், மற்றோரிடம் வேறு அழுத்தம் என்று இருந்தால் திருத்தவே முடியாது. ஆகவே சூரிய மின்கலங்களின் கண்ணாடி மேல்கூட மின்கடத்தும் பூச்சு பூசி எல்லாவற்றையும் உடலோடு இணைப்பார்கள். மின்புலம் அளக்கும் நான்கு கம்பிகள் தலா 50 மீட்டர் நீண்டு நிற்பதும் இதே காரணத்தால்தான்: கோளின் சொந்த மின் நிழலிலிருந்து தப்பிக்க வேண்டும்.

துகள்கள் அளவுக்கு மிஞ்சி வந்தால்?

1958இல் எக்ஸ்ப்ளோரர்-1 கோளில் இருந்த கெய்கர் குழாய் உயரப் போனதும் பூஜ்யம் காட்டியது. துகளே இல்லை என்பதல்ல, ஒரு துடிப்பு முடிவதற்குள் அடுத்தது வந்துகொண்டே இருந்ததால் குழாய் வாயடைத்துப்போனது. வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்டதே அந்தப் பூஜ்யத்தைச் சரியாகப் புரிந்துகொண்டதால்தான்.

இன்று முன்கூட்டியே கணக்கிடலாம். தலா 1 செ.மீ. ஆரமுள்ள இரண்டு வில்லைகளை 5 செ.மீ. இடைவெளியில் வைத்தால் வடிவக் காரணி, அதாவது வாசலின் பரப்பையும் அது பார்க்கும் வானத்தின் அளவையும் (ஸ்டெரேடியன் என்பது அதன் அலகு) சேர்த்துச் சொல்லும் எண், ஏறத்தாழ 0.37 சதுர செ.மீ.-ஸ்டெரேடியன். சதுர செ.மீ.க்கு, ஸ்டெரேடியனுக்கு, விநாடிக்கு பத்து லட்சம் துகள் என்றால் உணரியில் விநாடிக்கு 3,70,000 விழும். ஒரு துடிப்பைக் கையாள ஒரு மைக்ரோவிநாடி ஆகும் என்றால் நீங்கள் எண்ணுவது சுமார் 2,70,000 மட்டுமே. இது வரை திருத்திக்கொள்ளலாம். பத்து மடங்கு கூடினால் திருத்தம் வெறும் ஊகமாகிவிடும்.

வாசலைச் சிறிதாக்கினால் அமைதி நாட்களில் பட்டினி, பெரிதாக்கினால் புயல் நாளில் அடைப்பு. ரெப்டின் 0.2 சதுர செ.மீ.-ஸ்டெரேடியன் என்ற அளவு இந்த இழுபறியில் கிடைத்த சமரசம். அகலமான வாசலுக்கு இன்னொரு விலையும் உண்டு. பூமியின் ஆரத்தைப் போல ஐந்து மடங்கு தொலைவில், காற்றுமண்டலத்தில் விழப்போகும் துகள்களின் கூம்பு புலக்கோட்டைச் சுற்றி நான்கு டிகிரிகூட இல்லை. 32 டிகிரிக் கண்ணால் அதைத் தனியே பிரித்துப் பார்க்க முடியாது. இந்தக் கோள்களின் தரவை வைத்து அந்தக் கூம்புக்குள் இத்தனை துகள் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

பல நூறு எம்இவி புரோட்டானை எதனாலும் நிறுத்த முடியாதென்றால் ஆர்பிஎஸ் எப்படி அளக்கிறது?

நிறுத்துவதில்லை. எட்டு சிலிக்கான் வில்லைகளைக் கடக்கவிட்டுப் பின்னால் மெக்னீசியம் ஃபுளோரைடுப் படிகத்தில் ஓடவிடுகிறது. படிகத்தில் ஒளியின் வேகத்தையும் மிஞ்சி ஓடும் புரோட்டான் நீல ஒளியைச் சிந்தும். இது ஏறத்தாழ 400 எம்இவிக்கு மேல்தான் தொடங்கும், பிறகு வேகம் கூடக் கூட ஒளியும் கூடும். சிலிக்கான் கைவிடும் இடத்தில் ஒளி கைகொடுக்கிறது.

சூரிய ஒளி துகள் உணரியைப் பாதிக்குமா?

சிலிக்கான் உணரி என்பது அடிப்படையில் ஒரு சூரிய மின்கலம்தான். ஒளி பட்டால் இரைச்சலில் மூழ்கும். அதனால் முன்னால் மெல்லிய உலோகப் படலம். ஹோப் போன்றவற்றில் வளைந்த தகடுகளின் உட்பரப்பைக் கறுப்பாக்கி, புற ஊதாக் கதிர் சிதறி உள்ளே வராமல் தடுப்பார்கள். கோளின் வேறு பாகம் ஒன்று வெயிலைப் பிரதிபலித்து வாசலுக்குள் அடிக்கிறதா என்பதையும் வரைபடத்திலேயே பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரே கோணத்தில் திடீர் உயர்வு தெரிந்தால் முதல் சந்தேகம் ஒளி மீதுதான்.

ஏவியதும் கருவிகளை உடனே இயக்கலாமா?

கருவியைப் பொறுத்தது. ஹோப்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டு. ஏவிய புதிதில் கோளின் பொருட்களிலிருந்து வாயு கசிந்துகொண்டிருக்கும். அந்த அரைகுறை வெற்றிடத்தில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் பொறி தாவிச் சுற்றுகள் கருகும். எனவே வாரக்கணக்கில் காத்திருந்து, படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மின்னோட்டத்தைக் கவனிப்பார்கள். ஏவுமுன் தரையில் உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்திக்கொண்டே இருப்பதும் இவ்வகை உணரிகள் ஈரத்துக்கும் எண்ணெய்ப் படிவுக்கும் பயந்தவை என்பதால்தான்.

ரெப்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. அது செப்டம்பர் 1 அன்றே, ஏவிய இரண்டாம் நாளே இயக்கப்பட்டது. 1992 முதல் இதே போன்ற துகள்களை அளந்து சுற்றிக்கொண்டிருந்த சாம்பெக்ஸ் கோள் சில வாரங்களில் வளிமண்டலத்தில் விழ இருந்தது. அதற்குள் இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்ற அவசரம். அந்த அவசரம்தான் பரிசு தந்தது: இரண்டு வளையங்களுக்கு நடுவே யாரும் எதிர்பாராத மூன்றாவது வளையம் ஒன்று செப்டம்பர் முழுக்க நீடித்து, அக்டோபர் தொடக்கத்தில் ஓர் அதிர்ச்சி அலையால் அழிந்தது. வழக்கம்போல ஒரு மாதம் பொறுத்து இயக்கியிருந்தால் தவறவிட்டிருப்பார்கள்.

திருட்டுத் துகளைச் சரியாகக் கழிக்காவிட்டால் என்ன ஆகிவிடும்?

இல்லாத ஒன்றை இருப்பதாகப் பல பத்தாண்டுகள் நம்புவோம். உள்வளையத்தில் எம்இவி ஆற்றல் எலக்ட்ரான்கள் எப்போதும் நிறைந்திருக்கின்றன என்றுதான் பழைய மாதிரிகள் சொல்லின. மேக்ஐஸில் ஒவ்வோர் உணரிக்கும் இன்ன ஆற்றலுள்ள எலக்ட்ரானைத்தான் காந்தம் வளைத்துக் கொண்டுவந்து சேர்க்கும் என்பது தெரியும். சிலிக்கானில் பதிவாகும் துடிப்பும் அதே ஆற்றலைக் காட்ட வேண்டும். காட்டாதவற்றை எல்லாம் கழித்தபோது, அந்தக் காலகட்டத்தில் உள்வளையத்தில் சுமார் 900 கேஇவிக்கு மேல் கண்டறியக்கூடிய எலக்ட்ரானே இல்லை என்று 2015இல் வெளியிட்டார்கள். முந்தைய கருவிகள் கண்டவற்றில் பெரும்பங்கு, கவசத்தைத் துளைத்த புரோட்டான்களின் வேலை.

ஒரே மாதிரி இரண்டு கோள்கள் ஏன்?

ஒரே ஒரு கோளில் எண்ணிக்கை கூடினால், அந்த இடத்தில் துகள் கூடியதா, நாம் கூடுதலான இடத்துக்கு நகர்ந்தோமா என்று சொல்ல முடியாது. இரண்டு கோள்களின் பாதைகளும் சற்றே வேறுபட்டதால், சுமார் இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை ஒன்றை மற்றொன்று முந்தும். எனவே இடைவெளி சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரம் வரை மாறிக்கொண்டே இருக்கும். எலக்ட்ரான்கள் வெளியிலிருந்து தள்ளப்பட்டு மட்டும் வேகம் பெறுவதில்லை, வளையத்தின் நடுவிலேயே அலைகளால் முடுக்கப்படுகின்றன என்று 2013இல் காட்ட முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். ஒரே அச்சில் வார்த்த கருவிகள் என்பதால் வேறுபாடு கருவியுடையது என்று தட்டிக்கழிக்கவும் வழியில்லை. இரண்டும் அருகருகே வரும்போது ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கவும் செய்தார்கள்.

தரையில் எப்படி அளவு சரிபார்க்கிறார்கள்?

குறைந்த ஆற்றலுக்கு எலக்ட்ரான் கற்றை, உயர்ந்ததற்கு முடுக்கி. அன்றாடச் சோதனைக்கு பிஸ்மத்-207 என்ற கதிரியக்கப் பொருள்: சுமார் 480 கேஇவியிலும் 976 கேஇவியிலும் தெளிவான எலக்ட்ரான் கோடுகள் தரும். துகள் படும்போது சிலிக்கானில் பிறக்கும் ஒவ்வோர் எலக்ட்ரான்-துளை இணைக்கும் (எதிர், நேர் மின்னேற்றச் சோடி) 3.6 எலக்ட்ரான் வோல்ட் செலவு, ஆக 1 எம்இவிக்கு ஏறத்தாழ 2,80,000 இணைகள். இந்த எண்ணிக்கையைச் சத்தமில்லாமல் பெருக்க வேண்டும். வெப்பநிலை ஏழெட்டு டிகிரி கூடினால் கசிவு மின்னோட்டம் இரட்டிப்பாகும். ஆகவே அறை வெப்பத்தில் மட்டும் சோதித்துவிட்டு அனுப்பினால் அது சோதனையே இல்லை. பக்கச்சுவரில் வரும் துகள்களை முடுக்கியில் எல்லாக் கோணத்திலும் சோதிக்க முடியாததால், அதற்குக் கணினி உருவகம்.

சுழலாத கோளில் என்ன செய்வார்கள்?

கண்களைப் பெருக்குவார்கள். ஆதித்யா-எல்1 எப்போதும் சூரியனையே பார்த்து நிற்க வேண்டிய கோள். எனவே அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆஸ்பெக்ஸ் கருவியில், மெதுவான அயனிகளுக்குச் சூரியப் பாதைத் தளத்தில் ஒன்று, அதற்குக் குறுக்காக ஒன்று என இரண்டு பகுப்பான்கள் உள்ளன. வேகமான துகள்களுக்கு ஆறு திசைகளில் உணரிகள். எடையும் மின்செலவும் கூடும், ஒவ்வோர் உணரியையும் தனித்தனியே அளவு சரிபார்க்க வேண்டும். பதிலாக எல்லாத் திசையும் ஒரே கணத்தில் கிடைக்கும். சுழலும் கோளில் அதற்குப் 11 விநாடி காத்திருக்க வேண்டும்.

இப்போது அந்த இரட்டைக்கோள்கள் எங்கே?

இரண்டு ஆண்டுக்குத் திட்டமிட்டவை ஏழு ஆண்டு உழைத்தன. கருவிகள் பழுதாகி நிற்கவில்லை. அச்சைச் சூரியனை நோக்கித் திருத்திக்கொண்டே இருக்க எரிபொருள் தீர்ந்தது. 2019 ஜூலையில் ‘பி’ கோளும் அக்டோபரில் ‘ஏ’ கோளும் அணைக்கப்பட்டன. எரிபொருள் முழுக்கத் தீருமுன்பே அதில் ஒரு பங்கைச் செலவிட்டுப் பாதையின் தாழ்முனையை இன்னும் இறக்கிவிட்டிருந்தார்கள். காற்றின் இழுவையில் மெல்ல மெல்லச் சுருங்கி, 2034 வாக்கில் வளிமண்டலத்தில் எரியும் என்பது அப்போது போட்ட கணக்கு. ஆனால் ‘ஏ’ கோள் 2026 மார்ச்சிலேயே வளிமண்டலத்தில் விழுந்தது.